கப்பலேறியவரின் பங்கு

ஆரோவில்லுக்கு வருகிறவர்களில் பலர் பூர்வீகத்தை இறக்கி வைக்க வருகிறவர்கள். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம் அது. அதைக் கனவு கண்ட ஸ்ரீ அன்னை, துருக்கியத் தந்தைக்கும் எகிப்தியத் தாய்க்கும் பாரிஸில் பிறந்து புதுச்சேரியில் மறைந்தவர். எந்த ஊர், எந்த வம்சம் என்ற கேள்விக்கு மதிப்பில்லாத இடத்தில், அந்தக் கேள்வியை மட்டுமே பையில் வைத்துக்கொண்டு வந்திருந்த ஒருவரைச் சந்தித்தேன்.

ரீயூனியன் தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். தந்தை வழியில் பிரான்ஸின் பிரெத்தாஞ் பகுதியிலிருந்து போய்க் குடியேறிய வெள்ளையர். தாய் வழியில் புதுச்சேரியில் கப்பலேறிய தமிழர். வெள்ளைப் பாட்டனாரின் ஊர், ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம் வரைக்கும் தெரிந்துவிட்டதாம். தமிழ்ப் பாட்டனாருக்குக் கிடைத்தது ஒரு பதிவெண், ஒரு கப்பலின் பெயர், ஊர் என்ற கட்டத்தில் பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்தபடி கிறுக்கிய ஓர் ஒலி. ‘மர்கானோம்’ என்று படிக்கலாம்; வேறு மாதிரியும் படிக்கலாம். எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். மரக்கானம் வரை கூடவே வருகிறேன் என்றேன்.

ரீயூனியனில் அடிமைமுறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு உடனே வேறு கைகள் வேண்டியிருந்தன. 1860இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களிலிருந்தும் ஆள் பிடிக்க வழி திறந்துவிட்டது. மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசி, புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கூட்டி வந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். 1876–78 பெரும்பஞ்சத்தில் அதிகம் பேசவேண்டிய தேவையும் இருந்திருக்காது. 1882இல் ஆங்கில அரசு தடுத்து நிறுத்தும்வரை இந்தியாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவுக்குப் போனார்கள்.

போனவர்களின் பெயருக்கும் ஒன்று நேர்ந்தது. நம் வழக்கில் அப்பன் பெயர் மகனுக்கு முன்னெழுத்து; பேரனுக்கு அதுவும் இல்லை. பிரெஞ்சுப் பதிவேடு குடும்பப் பெயர் கேட்டது. கப்பலேறியவரின் சொந்தப் பெயரே அந்தக் கட்டத்தில் ஏறி, வாழையடி வாழையாக நின்றுவிட்டது. அப்படித்தான் அந்தத் தீவில் முத்துசாமிகளும் வையாபுரிகளும் இன்று குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். மருதாயி, லட்சுமி என்ற பெண் பெயர்களைக் குடும்பப் பெயராகத் தாங்கும் ஆண்களும் உண்டு. புதுச்சேரியிலேயே இது வேறு விதமாக நடந்தது. 1881 ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, பொன்னுத்தம்பி லாபோர்த் ஆனார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அந்த அம்மையார், தன்னைப் போலவே முன்னோரைத் தேடும் தோழி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கர், ஒரு பக்கம் சோக்டா பழங்குடி, மறுபக்கம் அயர்லாந்திலிருந்து போனவர்கள். இரண்டும் ஒரே ரத்தத்தில் கலந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. 1830களில் மிசிசிப்பி மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழியெல்லாம் பிணம் விழ மேற்கே நடந்தவர்கள் சோக்டாக்கள். 1847இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி மக்கள் பட்டினியால் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தங்களிடமிருந்த சொற்பத்திலிருந்து பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக அயர்லாந்தின் மிடில்டன் ஊரில் இறகுகளை வட்டமாக நிறுத்திய எஃகுச் சிற்பம் ஒன்று இருக்கிறது.

அந்தத் தோழி முன்னோரைக் கண்டெடுத்தது எதிலிருந்து என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சோக்டா பக்கத்துக்கு டாஸ் பட்டியல். பழங்குடியின் பொது நிலத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து, மீதியை வெள்ளையருக்குத் திறந்துவிட அமெரிக்க அரசு எடுத்த பேரேடு அது. நிலத்தைப் பறிக்க எழுதிய ஏட்டில் பாட்டன் பெயர் இருந்தால்தான் இன்று சோக்டா தேசத்தின் குடியுரிமை. அயர்லாந்தில் 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி மக்கள்தொகை ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அதனால் வம்சம் தேடுகிறவர்கள் நிலவரி போட எடுத்த மதிப்பீட்டுப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். ஆக, ஏழையின் பெயர் அவனுக்காக எழுதப்படவில்லை. வரிக்கோ நிலத்துக்கோ கூலிக்கோ கணக்கு வேண்டியவன் எழுதி வைத்தது, பேரப்பிள்ளைக்குத் தற்செயலாகப் பயன்படுகிறது.

நம் ஊரில் எழுதாத கணக்கு ஒன்றும் உண்டு. காலாப்பட்டு தாண்டி, கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலில் வண்டியை நிறுத்தினோம். இந்த ஐயனாரைக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்தால், சென்னையில் வேலை பார்ப்பவரும் குழந்தைக்கு முடியிறக்க இங்கே வந்துதான் ஆகவேண்டும். அதே ஊரில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாமும் இருக்கிறது. கடல் கடந்து போனவர்கள் மட்டுமல்ல, வந்தவர்களும் உள்ள கரை இது. பூசாரி அம்மையாரிடம் ஊரையோ சாதியையோ கேட்கவில்லை. “உங்களுக்குக் குலதெய்வம் எதும்மா?” என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் அவர் யோசிக்காமல் சொன்னார். தாய் வீட்டில் கும்பிடுவது பாண்டியாலே. அவளுக்கு ஆண்டுதோறும் தீமிதி. பக்கத்தில் மார்தேவிரேன் நிற்பார். மாமன்மார் இரவெல்லாம் விழித்து ‘நர்ல்கோன்’ ஆடுவார்கள். பூசாரிக்குப் புரிய எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பாஞ்சாலி, மதுரை வீரன், நாடகம். “அட, நம்ம பக்கத்து ஆளுங்கதான்” என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தீமிதியும் பாரதக் கூத்தும் சேர்ந்து நடக்கும் திரௌபதி வழிபாட்டுக்குச் செஞ்சி வட்டாரமே மையம் என்று ஆல்ஃப் ஹில்டபைட்டல் விரிவாக எழுதியிருக்கிறார். இது ஊர்ப் பெயரைத் தராது. ஆனால் எழுத்தர் கிறுக்கிய ஒலியை எந்தத் திசையில் வைத்துப் படிக்கலாம் என்று காட்டும்.

மரக்கானத்தில் உப்பு வாரும் பருவம். பாத்திகளில் நீர் சுண்டிப் பூத்த உப்பை ஆண்கள் நீண்ட காம்புப் பலகையால் இழுத்துக் கரையேற்ற, பெண்கள் கூடையில் அள்ளிச் சுமந்து அம்பாரத்தில் கொட்டினார்கள். கண் கூசும் வெள்ளை, காலில் வெடிப்பு. கொஞ்ச தூரத்தில் பக்கிங்காம் கால்வாய். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் துண்டை வெட்டியது, கஞ்சிக்காக மண் சுமந்த 1877–78 பஞ்சக் கூலிகள். அதே பஞ்சத்தில் சிலர் கூடையைத் தூக்கினார்கள், சிலர் கப்பலேறினார்கள். ஊருக்குள் பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. தானம் கொடுத்தவர் பெயரைக் கல் சொல்லும். கூடை சுமந்தவர் பெயரைச் சொல்லாது.

அம்மையார் தன் காகிதத்தைக் காட்டியதும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் அதிலிருந்த பாட்டனார் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அக்கா என்னைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“ஏண்ணா, இவங்க சொத்து கேட்டு வந்திருக்காங்களா?”

இல்லை, தாத்தா ஊரைப் பார்க்க மட்டும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. “அதுக்கா இம்மாந் தூரம்?” என்றவர், அதற்குப் பிறகு பெரியவரைப் பேசவிடவில்லை.

அம்மையாருக்கு இதில் வருத்தமில்லை. வட்டாரம் தெரிந்துவிட்டது, பூசாரி சிரித்துவிட்டார், போதும் என்றார். எனக்குத்தான் அந்தக் கேள்வி உறுத்தியது. கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் ரீயூனியனிலிருந்தும் குவாதலூப்பிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். இங்கிருந்து அங்கே தேடிப் போன ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. மொரீஷியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள், சிலருடைய புகைப்படங்களோடு, காத்திருக்கின்றன. அண்ணன் தம்பி வழியில் பார்த்தால் அந்த முகங்கள் நமக்கும் முப்பாட்டன்கள்தான். நம் வம்சாவளியில் போனவனுக்கு ஒரு கோடுகூட இல்லை.

அன்று இரவே ஊரிலிருக்கும் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, நம் வீட்டிலிருந்து யாராவது கப்பலேறிப் போனார்களா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்க தாத்தாவுக்குச் சித்தப்பா ஒருத்தர் போனதாச் சொல்லுவாங்க. மொரீசோ என்னவோ. கல்யாணம் ஆகாதவரு” என்றார். அவர் பெயர் என்ன என்றேன். தெரியவில்லை. அவர் பங்கு என்ன ஆயிற்று என்றேன்.

“என்ன ஆவும்? ஏரிக்கரைப் புஞ்சை அவரு பாகம்தான். வருவாரு வருவாருன்னு பாத்தாங்க. அப்புறம் நம்மதுல சேந்துபோச்சு. இப்ப எதுக்குடா அதெல்லாம்?”

ஏரிக்கரைப் புஞ்சைக்குக் கூட்டுப் பட்டா இருக்கிறது. போனவர் பெயர் அதில் இருக்க வழியில்லை. என் பெயர் இருக்கிறது.