பஃபலோ ஆற்றில் ஓய்வெடுக்கும் ஏவுகணைக் கப்பல்!

நயாகரா பார்க்க அமெரிக்கா போகிறவர்கள், வழியில் பஃபலோ நகரில் இறங்கிக்கொள்ளலாம். ஆற்றங்கரையில் நிற்கிறது 610 அடி நீள ‘லிட்டில் ராக்’. 1945 ஜூனில் பணியில் சேர்ந்தபோது இது வெறும் பீரங்கிக் கப்பல். இரண்டே மாதத்தில் உலகப்போர் ஓய்ந்துவிட்டது! பின்புற பீரங்கிகளைக் கழற்றி, டாலோஸ் ஏவுகணைகளைப் பொருத்தி, 1960-ல் மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள். மத்தியதரைக் கடலில் ஆறாவது கடற்படைப் பிரிவின் தலைமைக் கப்பலாகவும் இருந்தது. 1967 ஜூன் 8-ல் இஸ்ரேல் தாக்கி 34 பேர் பலியான அமெரிக்கக் கப்பல் ‘லிபர்ட்டி’க்கு உதவப் போனவற்றில் இதுவும் ஒன்று.

1976-ல் ஓய்வு. அமெரிக்காவில் அருங்காட்சியகமாக மிஞ்சியிருக்கும் ஏவுகணை க்ரூஸர் இது மட்டுமே. ஏணிப்படிகள் செங்குத்து, சேலையைவிட சுடிதார் வசதி. பக்கத்திலேயே, ஒரே கப்பலில் உயிரிழந்த ஐந்து சகோதரர்களின் பெயர் தாங்கிய ‘தி சல்லிவன்ஸ்’. 2022 ஏப்ரலில் தண்ணீர் புகுந்து சாய்ந்த அதை மீட்டு நிமிர்த்தியிருக்கிறார்கள்.