மண்டபம்: கடல்பாசிதான் இங்கே பாடம்!

ராமேஸ்வரம் செல்லும் ரயிலில், பாம்பன் பாலத்தைப் பார்க்க எல்லோரும் ஜன்னலோரம் நகரும் நேரத்தில் கடந்துபோகும் சிற்றூர் மண்டபம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. சுற்றுலாப் பயணிகள் அதிகம் இறங்காத இந்த ஊருக்கு, தாவரவியல், கடல் உயிரியல் மாணவர்கள் ஆசிரியர்களோடு தேடி வருகிறார்கள். காரணம், கடல்பாசி!

'இந்தியப் பாசியியலின் தந்தை' எனப்படும் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார், அருகிலுள்ள குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927-லேயே எழுதியவர். இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டுக்கும் மண்டபத்தில் மையங்கள் இருக்கின்றன. மாணவர்களோடு மீனவப் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

பயிற்சி என்ன?

மூங்கில் கழிகளைச் சதுரமாகக் கட்டினால் மிதவை தயார். குறுக்கே கயிறுகள் இழுத்து, அதில் 'கப்பாஃபைகஸ்' என்ற பாசியின் துண்டுகளை வரிசையாகக் கட்டவேண்டும். மீன்கள் கடித்துவிடாமல் அடியில் வலை. ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் அறுவடை. இதிலிருந்து எடுக்கும் 'கராஜீனன்'தான் ஐஸ்கிரீமையும் டூத்பேஸ்ட்டையும் கெட்டியாக வைத்திருக்கிறது.

கேட்க எளிதாக இருந்தாலும், கடல் சூடானால் கிளைகள் வெளுத்து உதிரும். இதற்குப் பெயர் 'ஐஸ்-ஐஸ்' நோய். ஒரு பருவத்து விதை மொத்தமும் போய்விட்டால் அந்தக் குடும்பத்தின் வருமானமும் போச்சு. கப்பாஃபைகஸ் வெளிநாட்டிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைகள் மீது அது படர்ந்தது பெரிய விவாதமானது. எனவே எப்படி வளர்ப்பது என்பதோடு, எங்கே வளர்க்கக்கூடாது என்பதும் பாடத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் போகாமலே படித்தவர்கள் பாம்பன் பகுதிப் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இவர்கள் சொல்வதற்குத்தான் மாணவர்களின் நோட்டில் லத்தீன் பெயர்கள். பாசி மறுபடி வளரட்டும் என்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி, 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது பெற்றார்.

இப்போது வாய்ப்பு பெரிதாகிறது. ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் ரூ.127 கோடிக்கு மேலான செலவில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆய்வுக்கூடம், விதை உற்பத்தி, தரப் பரிசோதனை என்று படித்த இளைஞர்களுக்கு வேலைகள் உருவாகலாம். ஆனால் எந்தப் பாறையில், எந்த மாதம், எந்தப் பாசி என்று அறிந்தவர்களைக் கூலிக்கு மட்டும் அழைத்தால் பாதிப் பாடம் விட்டுப்போகும். பயிற்சி கொடுப்பவர்களின் வரிசையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும்.

மாணவர்களை அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்கள் கவனிக்க: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா எல்லைக்குள் இருப்பவை. தீவுக்குப் போக வனத்துறை அனுமதியும், ஆய்வு மையங்களைப் பார்க்க முன்கூட்டியே ஒப்புதலும் அவசியம். கடல் உள்வாங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அப்போதுதான் பாறையில் பாசி கண்ணில் படும்.