கோபுரமும் ஊருணியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, தொண்டூழியர்கள் எல்லாரும் அண்டா கழுவிக்கிட்டு இருந்தோம். நான் குழாயைத் திறந்து விட்டுட்டு பேசிக்கிட்டே நின்னுட்டேன். புதுசா வந்த தம்பி ஒருத்தர், கப்பல் பட்டறையில வேலை, வந்து குழாயை மூடினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே, நமக்கு முதுகுளத்தூர் பக்கம்"னார். எனக்கு வெட்கமா போச்சு. நானும் கமுதி பக்கம்தான்.

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில தேக்கினாத்தான் வெள்ளாமை. முன்னோர்கள் விவரமானவங்க. ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கு மட்டும் 48 மடை. கோயில் கட்டினா பக்கத்துல ஊருணியும் வெட்டுவாங்க. இப்போ பல ஊர்ல வரத்துக்கால் மண்மூடி, கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. மழை பெஞ்சாலும் தண்ணி வந்து சேர வழியில்லை. காவிரி கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய உதவி. ஆனா அது குடிக்கத்தான், வயலுக்கு இல்லை. எங்க முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சதுல எல்லாருக்கும் சந்தோஷம். அந்த மிளகாயும் மழையை நம்பித்தான் இருக்கு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல கும்பாபிஷேகம். நான் இங்கே தெரிஞ்சவங்ககிட்ட வசூல் பண்ணி 4,000 வெள்ளி அனுப்பினேன். கல்வெட்டுல என் பேரும் இருக்கு. அந்த விசேஷத்துக்கே தண்ணி டேங்கர் லாரியிலதான் வந்தது. அந்த வருஷமே என் தம்பியோட மிளகாய் காஞ்சு போச்சு. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். "அண்ணே, கோபுரத்துக்கு அனுப்பினதுல பாதி வரத்துக்காலுக்குக் குடுத்திருக்கலாமே"ன்னு போன்ல கேட்டான். "சாமி காரியத்துல பேசாதே"ன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் அவன் போன் பண்றதே குறைஞ்சு போச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரி நானே கூப்பிட்டு, நீ சொன்னதுதான் சரின்னு சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ஊருணியைத் தூர்வார என்ன அனுமதி வாங்கணும்னு விசாரிக்கிறேன்னான்.

கோயிலுக்குக் குடுக்காதீங்கன்னு நான் சொல்லலை. அடுத்த தடவை ஊர்ல இருந்து வசூல் நோட்டு வந்தா, ஊருணியில தண்ணி இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. தூர்வாரணும்னா கோடையிலேயே முடிக்கணும், மழை வந்தப்புறம் முடியாது. 1963-ல் சிங்கப்பூர்லயும் தண்ணிக்கு ரேஷன் இருந்தது. நம்ம கோயில் பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை அண்டா கழுவ ஆள் வேணும். குழாயை நான் பாத்துக்கறேன்.

எல்லாரையும் அம்மன் காப்பாத்தட்டும். ஓம் சக்தி.