சப்பீராளிடம் கேட்ட கேள்வி

பைபிளின் புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில், ஒரு தம்பதியின் கதை வருகிறது. கணவன் அனனியா, மனைவி சப்பீராள்.

ஏசுவின் சீடர்கள் ஜெருசலேமில் ஒரே குடும்பம்போல வாழ்ந்த காலம் அது. வசதி உள்ளவர்கள் நிலத்தை, வீட்டை விற்றுப் பணத்தைக் கொண்டு வந்து வைப்பார்கள். இல்லாதவர்களுக்கு அது பங்கிடப்படும். சைப்ரஸ் தீவைச் சேர்ந்த பர்னபா என்பவர் அப்படித்தான் ஒரு நிலத்தை விற்றுக் கொடுத்தார். அனனியாவும் விற்றான். ஆனால் ஒரு பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியையே மொத்தம் என்று காட்டிக் கொடுத்தான். சப்பீராளுக்கும் இது தெரியும்.

நிலமும் அவனுடையது, விற்ற பணமும் அவனுடையதுதான் என்று பேதுருவே சொல்கிறார். ஆகவே, எடுத்து வைத்தது குற்றமில்லை. நாம் அஞ்சறைப் பெட்டியில் நாலு காசு சேர்த்து வைக்கிறோமே, அதில் என்ன தப்பு? பாதியைக் கொடுத்துவிட்டு முழுசும் கொடுத்ததாகப் பேர் வாங்க நினைத்தானே, அதுதான் குற்றம். அனனியா அந்த இடத்திலேயே விழுந்து இறந்து போனான்.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டாலே எனக்கு நடுக்கமாக இருக்கும். இப்போது அதன் பின்பாதிதான் என்னை யோசிக்க வைக்கிறது. சுமார் மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் சப்பீராள் வருகிறாள். நிலத்தை இவ்வளவுக்குத்தான் விற்றீர்களா என்று பேதுரு அவளிடமும் கேட்கிறார். புருஷன் சொன்னதே இவள் பதிலும் என்று அவர் எடுத்துக் கொள்ளவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு கேள்வி, தனியாக ஒரு சந்தர்ப்பம்! அவளும் ஆமாம் என்றாள். அவள் முடிவும் அதே முடிவுதான்.

நம்மில் பலர், “அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்” என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறோம். அது எவ்வளவு சுலபம் என்பது எனக்கும் தெரியும்.

பெண்ணின் கல்யாணச் செலவுக்காக ஊரில் இருந்த பழைய வீட்டை விற்க முடிவு செய்தோம். பார்க்க வந்தவரிடம் என் கணவர், “கிணத்துல வருஷம் பூரா தண்ணி இருக்கும்” என்று சொல்லிவிட்டார். நான் பேசாமல் இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு கொல்லைப்புறம் வந்தாள். “அக்கா, வெயில் காலத்துல தண்ணி வத்துமா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு படபடத்தது. “சித்திரை பொறந்தா வத்திடும்மா. ரெண்டு மாசம் லாரித் தண்ணிதான்” என்றேன்.

ஐம்பதாயிரம் ரூபாய் குறைத்துத்தான் வாங்கினார்கள். “உன்னை யாரு கேட்டா?” என்று கோபித்தார் இவர். “அந்தப் பொண்ணு என்னைத்தாங்க கேட்டா” என்றேன். இரண்டு நாள் சரியான பேச்சு வார்த்தை இல்லை. கல்யாணச் செலவில் துண்டு விழுந்தது. என் இரண்டு வளையல்களைப் போட்டுத்தான் ஈடுகட்டினோம். வெறுங்கையைப் பார்க்கும்போது வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

பரிசுத்தம் என்றவுடன் ஜெபம், உபவாசம், கோயில் என்றுதான் நினைக்கிறோம். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் சப்பீராளுக்குச் சோதனை வந்தது ஒரு விலையைப் பற்றிய சாதாரணக் கேள்வியில். நமக்கும் அப்படித்தான் வருகிறது. பஸ்ஸில் பிள்ளையின் வயதைக் கண்டக்டர் கேட்கும்போது வருகிறது. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று, “ஐயா இருக்காரா?” என்று கேட்கும்போதும் வருகிறது. பக்கத்தில் பிள்ளைகள் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

கணவரை எதிர்த்துச் சண்டை போடச் சொல்லவில்லை, சகோதரிகளே. நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம் என்பதை முன்னாலேயே வீட்டில் தெரியப்படுத்தி விடலாம். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சிரமம் கூட இல்லை. யாராவது எதையாவது விலை பேச வந்தால், “அம்மாவைக் கேட்டுடுவாங்க, உள்ளதையே சொல்லுங்கப்பா!” என்று என் பையன் முந்திக் கொள்கிறான்.