ஒரு கட்டமும் ஓர் எண்ணும்

சென்ற வாரம் ஓர் ஆய்வு நல்கைக்கான விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பிறந்த நாள், ஆய்வுத் தலைப்பு ஆகியவற்றை அடுத்து ஒரு சிறு கட்டம்: எச்-இன்டெக்ஸ். நான்கு ஆண்டுகளாக ஹைதராபாத்தில், தக்கனி உருதுவின் ‘போல்கே’ என்ற ஒற்றைச் சொல்லின் பின்னால் அலைந்துகொண்டிருப்பவள் நான். தமிழில் ‘என்று’, தெலுங்கில் ‘அனி’ செய்யும் வேலையை அது செய்கிறது. பிறர் கூற்றை நம் வாக்கியத்துக்குள் கொண்டுவந்து அமர்த்துகிறது. இதுவரை வெளியானவை இரண்டு கட்டுரைகள். ஒன்றை மூவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்; மற்றொன்றை எவரும் காட்டவில்லை. ஆகவே அந்தக் கட்டத்துக்கு உரிய எண் 1.

என் அறைத்தோழி உயிர்மருத்துவ ஆய்வாளர். அவளுடைய எண் 7. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சம்புநாத் தே யாரென்று தெரியுமா எனக் கேட்டாள். தெரியாது என்றேன். அன்றிரவு தூங்கவில்லை.

காலரா நுண்ணுயிரியை ராபர்ட் கோஹ் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தியது 1884இல். அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்பது அவருடைய ஊகம். அதன்பின் ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த நஞ்சை எவராலும் ஐயமின்றிக் காட்ட முடியவில்லை. அதே நகரத்தில், வசதி குறைந்த ஆய்வகத்தில் இருந்த தே, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, நுண்ணுயிரிகளை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை அதற்குள் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. உயிரி இல்லாமலே நோயின் செயல் நிகழ்ந்துவிட்டது! 1959இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது, இரண்டே பக்கங்கள். நஞ்சைத் தேடியவர்கள் இரத்தத்திலும் வயிற்றறையிலும் தேடிக்கொண்டிருக்க, அவர் நோய் இருக்கும் இடத்திலேயே தேடினார். அவ்வளவுதான் வித்தியாசம்; ஆனால் அவ்வளவும் அதுதான்.

அக்கட்டுரை உடனே கொண்டாடப்படவில்லை. தே 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். 1978இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தவர். ஆனால் இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் தம் உறுப்பினராகக்கூட அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985இல் மறைந்தார்.

மறு ஆண்டு, காலரா ஆய்வுகளின் மேற்கோள் தடங்களைப் பின்தொடர்ந்து, அத்துறையில் தே ஏற்படுத்திய தாக்கத்தை ஒரு கட்டுரையாக எழுதியவர் யூஜீன் கார்ஃபீல்டு. மேற்கோள்களை எண்ணும் தொழிலையே உலகுக்குத் தந்தவர் அவர்தான். எண்களைத் திட்டத் தயாராக உட்கார்ந்திருந்த எனக்கு இது சங்கடமாக இருந்தது. சொந்த நாட்டுச் சான்றோர் காணத் தவறியதை அந்த எண்ணிக்கை கண்டிருக்கிறது.

இன்னொரு வியப்பு: கார்ஃபீல்டு எங்கள் ஆள். 1961இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அமைப்பு மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். (முதுகலையில் இரண்டு ஆண்டுகள் மொழியியல் படித்தேன், ஒருவரும் இதைச் சொல்லவில்லை.) 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் மேற்கோள் அடைவு என்ற யோசனையை அவர் முன்வைத்தபோது முதன்மையான நோக்கம் தேடல்: இந்தக் கட்டுரைக்குப் பின் யார் என்ன சொன்னார்கள், யார் மறுத்தார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி. எச்-இன்டெக்ஸ் அவருடையதன்று; அது இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்தது. அதன் கணக்குப்படி ஒரே ஒரு கட்டுரை எழுதியவர், அதை ஆயிரம் பேர் சுட்டினாலும், 1தான். என் பக்கத்திலேயே நிற்பார்.

‘போல்கே’யோடு வாழ்பவளுக்கு ஒன்று உறுத்துகிறது. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது ஒரே செயலன்று. உடன்பட்டும் சொல்லலாம், எள்ளியும் சொல்லலாம், பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் சொல்லலாம். எங்கள் வாக்கியங்களில் குரலின் ஏற்ற இறக்கம் அதைக் காட்டிவிடும். எண்ணும் கருவிக்கோ எல்லாம் ஒன்று. பாடநூல் ‘காலராவுக்குக் காரணம் ஒரு குடல்நஞ்சு’ என்று பெயர் சுட்டாமல் எழுதும்போது அது பூஜ்யம்.

என்னைச் சுட்டிய மூவரையும் மறுபடி திறந்தேன். இருவர் நான்கைந்து பெயர்களோடு என்னையும் ஒரே அடைப்புக்குறிக்குள் தள்ளியிருந்தார்கள், படித்திருக்க வாய்ப்பில்லை. மூன்றாமவர் மூன்று பக்கங்கள் ஒதுக்கி, நான் தவறு என்று வாதிட்டிருக்கிறார். ஓராண்டாக அதைத் திறக்கவே அஞ்சிக்கொண்டிருந்தேன். நான் தந்த ஓர் எடுத்துக்காட்டில் ‘போல்கே’ மேற்கோளைக் குறிக்கவில்லை, காரணத்தைக் குறிக்கிறது என்பது அவர் வாதம்.

கட்டத்தில் 1 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த எடுத்துக்காட்டைப் பதிவு செய்த ஒலிக்கோப்பைத் தேடி எடுத்து மூன்று முறை கேட்டாயிற்று. அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது. நாளை காலை அவருக்கு எழுத வேண்டும்.