1.1 என்றால் நார்மலா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஒரு ஆயா ஏறுவார். வயது 72, எடை 48 கிலோ. மல்லாட்டை ஆய்ந்தே காய்ப்புக் காய்ச்சிப்போன விரல்கள். மலக்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, சிறுகுடலை வயிற்றுப் பக்கம் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள்.

பஸ் ஏற வேண்டும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார். "வழியில பை ரொம்பிட்டா எவன்டா கழுவறது?" என்று பேரனைக் கேட்பார். நியாயமான கேள்விதான். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் நின்றுகொண்டு பையைக் காலி செய்து கழுவுவது என்னவென்று மாட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும் பையோடு போய்விடுகின்றன. குடிக்காமலும் இருந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். அதோடு ஆயாவுக்குப் பத்து வருஷச் சர்க்கரை, பிரஷர். முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் வேறு. ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் சாய மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்குக் கட்டியே சிறுநீர்க் குழாயை நசுக்கிவிடுவதும் உண்டு.

டெஸ்டில் தெரியாதா என்று கேட்கலாம். ஆயாவின் கிரியாட்டினின் 1.1. லேப் தாளில் 1.2 வரை நார்மல் என்று அச்சடித்திருந்தது. பேரன் நிம்மதியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஆயாவின் உடம்பில் தசை ஏது? சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டாலும் அளவு பெரிதாக ஏறாது. அதனால் வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். 1976-ல் வந்த காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் அது. அதன்படி 70 கிலோ எடையுள்ள 25 வயதுப் பேரனுக்கு அதே 1.1 இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி வடிகிறது என்று அர்த்தம். ஆயாவுக்கு வருவது 35தான்!

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபைன் மாத்திரையை, இந்த எண் 30-லிருந்து 50-க்குள் இருந்தால் முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது. குறைக்காமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், தண்ணீர் இன்னும் வற்றும், சிறுநீரகம் இன்னும் சுருண்டுவிடும்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் முட்டி வலி மாத்திரையைப் பற்றி ஆயாவை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்ட அன்றைக்குத்தான் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார், கேப்சிடபைனையும் குறைத்தார்.

இப்போது ஆயாவின் மடியில் ஒரு பாட்டில் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைத்த தண்ணீர். கிளியனூர் தாண்டியதும் மூடியைத் திறந்து நாலு மிடறு குடிக்கிறார். பை கழுவப் பேரன் கூடவே வருகிறான்.