வை நதிக் கரையின் சோலைகளில்

பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தே மலையும் மழையும் மிகுந்து விளங்கும் சிறு நாடு வேல்ஸ். நிலக்கரிச் சுரங்கங்களாலும் கற்பலகைக் குவாரிகளாலும் உலகறிந்த அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், சுரங்கத் தூசி படியாத பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. பும்லுமோன் மலையில் தோன்றி, ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓடி, செவர்ன் கழிமுகத்தில் கலக்கும் வை என்னும் ஆறு அதனை உருவாக்கிற்று. வேல்ஸ் மக்கள் தம் மொழியில் அதனைக் குவி என்பர். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இவ்வாறே இரு நாடுகளுக்கும் எல்லையாக அமைகிறது. மேற்குக் கரை வேல்ஸ். கிழக்குக் கரை இங்கிலாந்து. இரு கரையிலும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் சரிவுகள். அச்சரிவுகளை மூடி, ஆற்று நீர் வரை இறங்கி நிற்கும் அடர்ந்த சோலைகள்.

இச்சோலைகளைக் காண விழைவோர் முதலில் செப்ஸ்டோ என்னும் சிற்றூரை அடைய வேண்டும். வேல்ஸின் தலைநகராகிய கார்டிஃபிலிருந்து அங்கு இரயில் செல்கிறது. ஆற்றின் மேலே நெடிய பாறையொன்றின்மீது, 1067-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கற்கோட்டை நிற்கிறது. அக்கோட்டைக்குள் பாதுகாக்கப்படும் இரு பெருங்கதவுகளைப் பார்க்காமல் வந்துவிடலாகாது. அவை ஓக் மரத்தாலானவை. மரத்தின் வளைய வரிகளை எண்ணி ஆராய்ந்தவர்கள், 1190-ஆம் ஆண்டுக்குப் பிற்படாத வேலைப்பாடு என்று கண்டுள்ளனர். ஐரோப்பாவின் மிகப் பழைய கோட்டைக் கதவுகள் இவையே என்பர். எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இற்றுப்போகாத அம்மரம், இந்நிலம் எத்தகைய காடுகளை வளர்க்க வல்லது என்பதற்குச் சான்று கூறுகிறது.

செப்ஸ்டோவிலிருந்து டின்டர்ன் என்னும் ஊர் வரை, ஆற்றின் மேற்குக் கரையோரமாகவே சோலைக்குள் நடைபாதை ஒன்று செல்கிறது. அரை நாளில் நடந்து முடிக்கலாம். ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ செல்வது நலம். அப்போது மரங்களின் தளிர் முற்றியிராது. கதிரவன் ஒளி தரை வரை இறங்கும். காட்டுப் பூண்டின் வெண்மலர்கள் வழியெங்கும் விரிந்து, காலடி பட்டவுடன் பூண்டு மணத்தை எழுப்பும். நிழல் மிகுந்த சரிவுகளில் நீலமணிப் பூக்கள் கூட்டங்கூட்டமாய்ப் பூத்து, நீலப் புகை தரையில் படிந்தாற்போலத் தோன்றும். தலைக்கு மேலே பீச், ஆஷ், ஓக், லைம், யூ என ஐவகை மரங்கள் கிளை கோத்து நிற்கும். இந்த லைம் நாம் அறிந்த எலுமிச்சை இனமன்று. இதய வடிவ இலையும் தேன் சொரியும் பூவும் உடைய பெருமரம். ஈர நாட்களில் பாதை வழுக்கும். ஆணியடித்த அடித்தோல் போன்று பிடிமானம் உள்ள காலணி இன்றியமையாதது.

பாதையின் முற்பகுதி பியர்ஸ்ஃபீல்டு என்னும் பழைய பண்ணையின் வழியே செல்கிறது. 1750-களில் இதன் உடைமையாளராயிருந்த வாலன்டைன் மோரிஸ் என்பவர், பாறை முகடுகளில் பார்வையிடங்களும் குகை வழியும் அமைத்து, வருவோர் யாவரும் கண்டு களிக்க வழிசெய்தார். அவர் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய ஆன்டிகுவாவில் பிறந்தவர். அவருடைய செல்வம் அங்கே அடிமைகள் பாடுபட்ட கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. ஊதாரித்தனத்தால் அவர் நொடித்துப்போனார். பின்னர் 1802-ஆம் ஆண்டில் இவ்விடத்தை விலைக்கு வாங்கியவர் நதேனியல் வெல்ஸ். செயின்ட் கிட்ஸ் தீவில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த அவர், தந்தையின் சொத்துக்கு உரியவராகி, 1818-ஆம் ஆண்டில் மன்மத்ஷயர் மாவட்டத்தின் ஷெரீஃப் பதவியை ஏற்றார். பிரிட்டனில் அப்பதவியை வகித்த முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் தாம் பெற்ற சொத்தோடு அடிமைகளையும் உடைமையாகவே அவர் வைத்திருந்தார். இன்று அம்மாளிகை கூரையற்ற வெறுஞ்சுவராய் நிற்கிறது. அதனைச் சூழ்ந்த சோலையோ ஆண்டுதோறும் தளிர்க்கிறது. மரத்தடியில் நின்று இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்போர்க்கு, அழகிய பாதை ஒன்றின் பின்னே கண் காணாத எத்தனை கைகள் உழைத்திருக்கின்றன என்னும் நினைவு எழாமல் இராது.

அப்பால் விண்ட்கிளிஃப் என்னும் செங்குத்துப் பாறை. 1828-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற 365 படிகள் என்னும் வழி, பாறை இடுக்குகளினூடே மேலே ஏறுகிறது. மூச்சு வாங்க ஏறினால் கழுகுக்கூடு என்று பெயர் பெற்ற மேடை. கீழே குதிரை இலாடம் போல் வளைந்தோடும் வை. அதற்கப்பால் சிறு சிறு வயல்களும் ஆட்டுமந்தைகளும். தொலைவில் செவர்ன் கழிமுகமும் அதன்மேல் தொங்கும் பாலங்களும். ஓதம் இறங்கியிருக்கும் வேளையில் ஆற்றின் இரு மருங்கும் பழுப்புச் சேறாய்ப் பளபளக்கும். ஓதம் ஏறுகையில் கடல்நீர் டின்டர்னையும் தாண்டி உள்ளே செல்லும். உலகிலேயே மிகப் பெரிய ஓத ஏற்றத்தாழ்வு உடைய கழிமுகங்களுள் செவர்னும் ஒன்றாகும்.

மேடையிலிருந்து இறங்கி மேலும் நடந்தால் டின்டர்ன். சோலை விலகிய ஆற்றோரச் சமவெளியில், கூரையின்றி, சாளரக் கண்ணாடியின்றி, ஆயினும் சுவர்கள் சரியாது நிமிர்ந்து நிற்கிறது அன்னை மரியாளின் பெயரால் எழுந்த பழைய துறவற மடம். 1131-ஆம் ஆண்டில், செப்ஸ்டோவின் ஆண்டகையாகிய வால்டர் டி கிளேர் வழங்கிய நிலத்தில், பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த சிஸ்டர்சியன் சபைத் துறவியர் இதனை நிறுவினர். வேல்ஸ் மண்ணில் அச்சபை கண்ட முதல் இல்லம் இதுவே. மக்கள் நடமாட்டத்தினின்றும் விலகிய இடங்களையே அவர்கள் தேடினர். வெள்ளை அங்கியணிந்து, நள்ளிரவிலும் எழுந்து சங்கீதம் பாடி, செபத்தையும் உழைப்பையும் ஒருங்கே மேற்கொண்டனர். அவர்களோடு எழுத்தறியாத உழைப்புச் சகோதரர்களும் வாழ்ந்தனர். கோயிலில் இவர்களுக்குத் தனிப் பகுதி. வயலும் மந்தையும் தோப்பும் பெரும்பாலும் இவர்கள் கைப்பட்டவை. இன்று நாம் காணும் பெருங்கோயில் 1269-ஆம் ஆண்டில் தொடங்கி, ரோஜர் பைகாட் என்னும் பிரபுவின் கொடையால் வளர்ந்து, 1301-ஆம் ஆண்டில் அர்ச்சிக்கப்பெற்றது.

எட்டாம் ஹென்றி மன்னன் ஆண்டுக்கு 200 பவுனுக்குக் குறைந்த வருமானமுள்ள மடங்களை மூடச் சட்டமியற்றியபோது, டின்டர்னும் அதற்குள் அகப்பட்டது. 1536-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் மடத்தலைவர் அதனை அரசரின் ஆட்களிடம் ஒப்படைத்தார். நானூறு ஆண்டுகளாய் ஒலித்த சங்கீதம் அன்றோடு நின்றது. கூரையின் ஈயம் உரித்தெடுக்கப்பட்டது. மழை உள்ளே இறங்கியது. மேற்கு வாயிலில் நின்று கிழக்கு நோக்கினால், பலிபீடம் இருந்த திக்கில் வெறுஞ்சாளரத்தின் வழியே எதிர்க்கரைக் காடு தெரிகின்றது. அந்தப் பசுமையைக் கண்டு மகிழ்வதா, வெறுமையைக் கண்டு வருந்துவதா என்று நெஞ்சம் தடுமாறும்.

துறவியர் போன பின் இப்பள்ளத்தாக்கு உறங்கிவிடவில்லை. மடத்தின் அருகே வையில் வந்து கலக்கும் அங்கிடி என்னும் ஓடையின் நீர்வேகத்தைக் கொண்டு, 1566-ஆம் ஆண்டில் கம்பி இழுக்கும் ஆலை எழுந்தது. கம்பளி நூற்போருக்கு வேண்டிய பல்சீப்புகளின் கம்பி இங்கிருந்து சென்றது. பின்னர் இரும்புருக்கும் உலைகளும் தோன்றின. உலைக்கு வேண்டியது மரக்கரி. எனவே சரிவுகளெங்கும் கரிமூட்டங்கள் புகைந்தன. அவர்கள் அடுக்கிய மூட்டத் தளங்கள் வட்டமான சமதரைகளாய் இன்றும் சோலைக்குள் காணப்படுகின்றன. கிளறிப் பார்த்தால் மண் கறுத்திருக்கும். ஓக் மரப்பட்டை தோல் பதனிடுவதற்காகப் படகேறிச் சென்றது.

இவ்வளவு கரி சுட்டும் காடு அழியாதது எங்ஙனம்? அங்கேதான் கருதத்தக்க செய்தி உள்ளது. அவர்கள் மரத்தை வேரோடு பெயர்க்கவில்லை. அடிக்கு மேலே வெட்டி, கட்டையைத் துளிர்க்க விட்டனர். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அக்கட்டையிலிருந்து பல தண்டுகள் கைப்பருமனாய் எழும், மீண்டும் வெட்டுவர். ஒரு பகுதி வெட்டப்படுகையில் மறுபகுதி வளர்ந்துகொண்டிருக்கும். வெட்டிய இடத்தில் ஒளி விழுவதால் பூக்கள் செழிக்கும். பூவைத் தேடிப் பூச்சியும், பூச்சியைத் தேடிப் பறவையும் வரும். இவ்வாறு வெட்டப்பட்டுத் துளிர்த்த லைம் மரக் கட்டைகள் பல நூற்றாண்டு வயதுடையனவாய் இன்றும் உள்ளன. ஏருக்கு இடங்கொடாத செங்குத்துச் சரிவும், கரிக்காகக் காட்டைக் காத்த தேவையும் சேர்ந்தே இச்சோலையை நமக்கு விட்டுச் சென்றன. கன்னிக்காடு என்று நாம் வியக்கும் இது, உண்மையில் உழைப்பாளர் காடு.

1770-ஆம் ஆண்டில் வில்லியம் கில்பின் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் படகில் இவ்வழியே வந்து, 1782-ஆம் ஆண்டில் தம் பயணத்தை நூலாக வெளியிட்டார். அழகிய காட்சி எது என்பதற்கு இலக்கணம் வகுத்த அவருக்கு, இடிந்த மடத்தின் முகடுகள் கூட மிக ஒழுங்காய்த் தோன்றின. சம்மட்டியால் சற்று உடைத்தால் இன்னும் அழகாகும் என்று எழுதினார். ஆனால் அதே நூலில் வேறொன்றையும் அவர் மறைக்கவில்லை. இடிபாடுகளுக்குள் ஏழைகள் குடியிருந்தனர். துறவியரின் நூலகத்தைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற ஏழைப் பெண் ஒருத்தி, இரு கோல்களை ஊன்றித் தவழாக் குறையாய் நடந்தாள். இறுதியில் அவள் காட்டியது ஈரம் கசியும் தன் இருப்பிடத்தையே. அரை மைல் தொலைவில் இரும்பாலைகளின் இரைச்சல். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1798-ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற கவிதையின் தலைப்பில் டின்டர்னின் பெயரைப் பொறித்தார். ஓவியர் டர்னர் அதன் வளைவுகளைத் தீட்டினார். அவர்களால் இவ்விடம் உலகப் புகழ் பெற்றது. கோலூன்றிய அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பி ஆலைகள் ஓய்ந்தன. 1876-ஆம் ஆண்டில் வந்த இரயில் பாதையும் 1959-ஆம் ஆண்டில் பயணிகளைக் கைவிட்டது. அப்பாதையின் ஒரு பகுதி, எதிர்க்கரையிலுள்ள ஒரு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தோடு, 2021-ஆம் ஆண்டு முதல் நடப்போர்க்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் மட்டும் சுரங்கம் அடைக்கப்படும். அங்கே உறங்கும் வௌவால்களின் துயிலைக் கலைக்கலாகாது என்பதே காரணம். 1971-ஆம் ஆண்டிலேயே இப்பள்ளத்தாக்கு இயற்கையெழில் மிக்க பகுதியெனச் சட்டத்தால் காக்கப்பெற்றது.

ஆயினும் சட்டத்தால் மட்டும் காடு வாழ்ந்துவிடுவதில்லை. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்த ஒரு பூஞ்சணம், 2012-ஆம் ஆண்டில் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது ஆஷ் மரத்தின் இலையைக் கருக்கி, கிளையை உலர்த்தி, மரத்தையே மாய்க்கிறது. சுண்ணாம்பு நிலத்து மரமாதலால் ஆஷ் இச்சரிவுகளில் மிகுதி. சாலையோரத்தில் நலிந்தவற்றை வெட்டிச் சாய்க்கின்றனர். நோயை எதிர்த்து நிற்கும் சிலவற்றை விதைக்காக விட்டுவைக்கின்றனர். ஆற்றுக்கும் நலமில்லை. மேற்பகுதியில் பெருகிய கோழிப் பண்ணைகளின் எரு வயல்களிலிருந்து வழிந்து, பாஸ்பேட் மிகுந்து, வெயில் காலத்தில் நீர் பச்சைப் பாசியாய்த் திரிகிறது. நீர்ப்பூண்டுகளும் சால்மன் மீனும் அருகிவிட்டன. இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 2023-ஆம் ஆண்டில் இவ்வாற்றின் நிலையைச் சரிந்து வருவதாகத் தாழ்த்தி வகைப்படுத்திற்று. குறைந்த விலைக்குக் கோழியிறைச்சி வேண்டும் என்று நகரத்தார் கேட்டதன் விலையை ஆறு செலுத்துகிறது.

கரிமூட்டக்காரர் போய் நூற்றாண்டு கடந்துவிட்டது. வெட்டுவாரின்றி அடர்ந்து இருண்ட சில பகுதிகளில், குளிர்காலத்தே வாளும் அரிவாளும் ஏந்தி, பழைய முறைப்படி கட்டையை வெட்டித் துளிர்க்க விடும் பணியை மீண்டும் தொடங்கியிருக்கின்றனர். வெட்டிய முதலாண்டு அவ்விடம் மொட்டையாய்க் காட்சி தரும், வழிப்போக்கர் முகஞ்சுளிப்பர். இரண்டாம் வசந்தத்தில் மண்ணுக்குள் ஒளி காத்துக் கிடந்த பூக்கள் மேலெழும். தண்டுகள் சில ஆண்டுகளிலேயே ஆளுயரத்தைத் தாண்டும். நிழல் முழுதும் திரும்ப மேலும் சில ஆண்டுகள் செல்லும். கோயில் கட்டத் தொடங்கிய துறவியருள் பலர் அதன் அர்ச்சிப்பைக் காணவில்லை. சோலைக்குள் வாள் எடுப்பவரும் அவ்வாறே, தாம் காணவிருக்கும் நிழலுக்காக வேலை செய்வதில்லை.